நம் காசு எந்த மலையில் நிற்கிறது?



அண்மைக் காலமாகத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சம்பளம், வீடு, காணி என்ற வழக்கமான பேச்சோடு புதிதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. அது பங்குச் சந்தைப் பேச்சு. கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்துக்கு வரும்போது கைத்தொலைபேசியைத் திறந்து பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் காட்டுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் மூன்று மாதத்தில் இவ்வளவு எடுத்தானாம் என்ற கதை தண்ணீர்ப் பீலியடிக்கு வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வாங்கிய அக்காமாரும் அண்ணன்மாரும், "வங்கியில் போட்டால் வட்டி குறைவாம், பங்கில் போடலாமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

கேட்பது நல்லது. காசைப் பற்றிப் பேசுவது துரைமாருக்கும் முதலாளிமாருக்கும் மட்டும் உரிய காரியம் என்று நாம் ஒதுங்கி இருந்த காலம் போகட்டும். ஆகவே எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத, கடன் இல்லாத, மிச்சக் காசு உள்ளவர் மட்டும் பங்குச் சந்தையைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் இப்போது வேலை இல்லை. ஆனால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ள முடியாது. நம்மில் ஒவ்வொருவருக்கும் பெரிய முதலீடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது ஊழியர் சேமலாப நிதி. அங்கே நம் காசுக்கு என்ன ஆகிறது என்று கேட்காமல், பையன் வாங்கிய நூறு பங்கைப் பற்றி மட்டும் கவலைப்படுவது, கூரை ஒழுகும்போது வாசலைக் கூட்டுவது போன்றது.

ஏறுவதும் இறங்குவதும்

பங்கு என்பது ஒரு கம்பனியின் சொத்திலும் இலாபத்திலும் ஒரு சிறு துண்டு. கம்பனி இலாபம் கண்டு பங்கிலாபம் கொடுத்தால் துண்டு வைத்திருப்பவருக்கும் வரும். அந்தத் துண்டை வேறொருவர் கூடிய விலைக்கு வாங்க முன்வந்தால் விற்றும் இலாபம் பெறலாம். வாங்க ஆள் இல்லாவிட்டால் விலை விழும். வங்கியில் போட்ட பணத்தைப் போல இதற்கு நிச்சயமான வட்டியும் இல்லை, போட்ட முதல் திரும்பும் என்ற உத்தரவாதமும் இல்லை. உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

கொழும்புப் பங்குச் சந்தையின் கடந்த சில வருடங்களை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது சந்தை மூடப்பட்டு மே மாதத்தில்தான் திறந்தது. பிறகு வேகமாக ஏறி 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 13,000 புள்ளிகளைத் தாண்டியது. அந்த ஏற்றத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஏறியவர்கள் பலர். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு சந்தை ஐந்து வேலை நாட்கள் திறக்கப்படவே இல்லை. சில மாதங்களுக்குள் சுட்டி 8,000 புள்ளிகளுக்குக் கீழே விழுந்தது. ஜனவரியில் 100 ரூபா போட்டவரிடம் அப்போது ஏறத்தாழ 60 ரூபாதான் மிஞ்சியது.

அதே சந்தை பிறகு எழுந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது ஏற்றுமதிகளுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்ததும் மீண்டும் ஆட்டம் கண்டது. ஆனால் அதே வருடத்தில் 20,000 புள்ளிகளையும் தாண்டியது. இன்று கேட்கிற கதையெல்லாம் இந்த ஏற்றத்தின் கதை. 2022 இல் விழுந்தவர்களின் கதையை யாரும் பீலியடியில் சொல்வதில்லை.

இங்கே ஒரு கேள்வி. 2022 இல் பங்கு வைத்திருந்த எல்லோரும் நட்டப்பட்டார்களா? இல்லை. காத்திருக்க முடிந்தவர் தப்பினார். 13,000 புள்ளிகளைச் சந்தை மறுபடி தொட ஏறத்தாழ மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடமும் அந்தக் காசைத் தொடாமல் சாப்பிடவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும், வைத்தியம் பார்க்கவும் முடிந்தவர் தப்பினார். ஆனால் அவருக்கும் முழு இலாபம் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று நமக்குத் தெரியும். காத்திருக்க முடியாமல், நகையை மீட்கவோ கடனை அடைக்கவோ அடிமட்ட விலைக்கு விற்றவர் உண்மையாகவே விழுந்தார். விழுந்ததை மீட்பதும் எளிதல்ல. 100 ரூபா 50 ரூபாவானால் அது பாதி இறக்கம். அந்த 50 மறுபடி 100 ஆக வேண்டுமானால் இரண்டு மடங்கு ஏற வேண்டும்.

ஆகவே சந்தை நாளைக்கு ஏறுமா இறங்குமா என்பதல்ல நம் முதல் கேள்வி. அதைக் கொழும்பில் பெரிய மேசையில் இருப்பவர்களாலும் சரியாகச் சொல்ல முடியாது. இறங்கினால் எத்தனை மாதம் நம் வீடு தாக்குப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

கவ்வாத்து சொல்லித் தரும் பாடம்

ஆபத்தைப் பிரித்து வைப்பது எப்படி என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் எல்லா மலையையும் ஒரே வருடத்தில் கவ்வாத்து வெட்டுவார்களா? வெட்டினால் மாதக் கணக்கில் கொழுந்தே இருக்காது, தொழிற்சாலை பூட்டிக் கிடக்கும். ஆகவே இந்த வருடம் இந்த நம்பர், அடுத்த வருடம் அந்த நம்பர் என்று பிரித்து வெட்டுகிறார்கள். ஒரு மலை மொட்டையாக நிற்கும்போது இன்னொரு மலை கொழுந்து கொடுக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துப் பயந்து செடியைப் பிடுங்கி எறிபவரும் இல்லை, வெட்டிய மறுநாளே கூடையோடு போய் நிற்பவரும் இல்லை.

காசிலும் இதுதான் முறை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே. ஒரே நாளில் போடாதே. நாளைக்குத் தேவையான காசை, பல வருடம் கழித்துப் பலன் தரும் இடத்தில் போடாதே.

இதில் நம்மைப் போன்றவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வேலை இந்த மலையில். நம் லயம் இந்த மலையில். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், நாம் வைத்திருக்கும் மரக்கறிப் பாத்தியும், மாடும் இந்த மலையில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்த இடங்களில் வீடும் வேலையும் பாதையும் ஒரே இரவில் போயின. இப்படி எல்லாமே ஒரே மலையில் நிற்கும்போது, மிச்சம் பிடித்த காசையும் தேயிலைக் கம்பனிப் பங்கிலேயே போட்டால் அதுவும் அதே மலையில்தான் நிற்கும். தேயிலை விழும் வருடத்தில் வேலை நாளும் குறையும், பங்கின் விலையும் குறையும். "நமக்குத் தெரிந்த தொழில், ஆகவே நமக்குத் தெரிந்த பங்கு" என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை.

தெரிந்த தொழிலும் தெரிந்த பங்கும் ஒன்றல்ல என்பதற்கு 2021, 2022 ஆண்டுகளே சாட்சி. இரசாயன உரத் தடையால் நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்து 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக விழுந்தது. மலையில் நின்ற நமக்குக் கொழுந்து இல்லை, கிலோ சேரவில்லை, பேர் போடுவதற்கே சண்டை. ஆனால் அதே காலத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதால் ஏல விற்பனையில் ரூபாக் கணக்கில் தேயிலை விலை உயர்ந்தது, கம்பனிகளின் வருமானமும் உயர்ந்தது. மலையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் பங்கை விற்றிருப்பார். டொலரைப் பார்த்தவர் வாங்கியிருப்பார். கொழுந்துக் கூடையை வைத்துப் பங்கு விலையை எடை போட முடியாது.

வீட்டுக் கணக்கு

இனி வீட்டில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் கடன். நுண்கடன், வட்டிக்கடைக் கடன், அடகுக் கடன் எதுவானாலும் அதை முதலில் அடையுங்கள். வருடத்துக்கு நூற்றுக்கு 30 வட்டி கட்டுகிற ஒருவர் அந்தக் கடனை அடைத்தால், அந்த 30 நிச்சயமாக அவர் கையில் நிற்கிறது. எந்தப் பங்குத் தரகராலும் அப்படி ஒரு நிச்சயத்தைத் தர முடியாது.

இரண்டாவது அவசரக் காசு. குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவு வங்கிப் புத்தகத்தில் இருக்க வேண்டும். மழை பிடித்து வேலை நின்றாலும், யாராவது வைத்தியசாலையில் படுத்தாலும், சாவு வீடு வந்தாலும் அந்தப் புத்தகம் கை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் என்பது நம் சம்பளத்தில் பெரிய தொகை என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மாதக் காசாவது சேரட்டும். அது சேரும் வரை பங்குப் பேச்சு வேண்டாம்.

மூன்றாவது, நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ, கடன் வாங்கியோ பங்கு வாங்கக் கூடாது. கடனுக்குத் தவணை உண்டு, சந்தைக்குத் தவணை தெரியாது. சந்தை விழுந்து கிடக்கும் மாதத்தில்தான் அடகுக் கடைக்காரன் ஏலக் கடிதம் அனுப்புவான்.

நான்காவது, இவையெல்லாம் முடிந்தும் மிச்சம் இருந்தால், அதிலும் ஒரு சிறு பங்கை மட்டும் போடலாம். முழுதும் போனாலும் பிள்ளையின் படிப்பும் அடுப்பும் நிற்காது என்ற அளவுதான் அந்தச் சிறு பங்கு. ஒரே கம்பனியில் போடாமல் வேறு வேறு தொழில் செய்யும் கம்பனிகளாகப் பிரியுங்கள். ஒரே நாளில் போடாமல் மாதா மாதம் கொஞ்சமாகப் போடுங்கள். பங்குகளைத் தெரிவு செய்யத் தெரியாதவர், பலருடைய காசைச் சேர்த்துப் பல இடங்களில் பிரித்துப் போடும் அலகுப் பொறுப்பு நிதியங்களைப் பற்றி விசாரிக்கலாம். அங்கும் விலை ஏறும், இறங்கும். ஒரே கம்பனியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து மட்டும் குறையும். யாரிடம் போனாலும், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐந்தாவது, வாட்ஸ்அப் குழுக்கள். மாதம் நூற்றுக்கு 10 நிச்சயம், இரண்டு பேரைச் சேர்த்தால் மேலும் இவ்வளவு, வெளிநாட்டுச் சந்தை, டிஜிட்டல் நாணயம் என்று வரும் அழைப்புகள் பங்குச் சந்தை அல்ல. ஆளைச் சேர்த்தால் காசு என்ற பிரமிட் முறை இந்த நாட்டில் வங்கிச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. பின்னால் வருபவரின் காசைத்தான் முன்னால் வந்தவருக்குக் கொடுக்கிறார்கள். நம் லயங்களில் இது சொந்தக்காரர் மூலமாகத்தான் நுழைகிறது. மாமன் சொன்னார், சித்தி சேர்ந்திருக்கிறார் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பிறகு காசும் போகிறது, உறவும் போகிறது. "நிச்சயம்" என்ற வார்த்தையும் "உடனே" என்ற வார்த்தையும் ஒரே வாயிலிருந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்காமலே முதலீடான காசு

இனி நம் பெரிய கணக்குக்கு வருவோம்.

சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கப்படும் சம்பளம் மாதம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் நம்மிடம் பிடிப்பது 8 சதவீதம், 2,400 ரூபா. தோட்ட நிர்வாகம் போட வேண்டியது 12 சதவீதம், 3,600 ரூபா. மொத்தம் 6,000 ரூபா. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 சதவீதம், 900 ரூபா கட்ட வேண்டும். நம் கையில் மிச்சம் பிடித்து மாதம் 6,900 ரூபா சேமிக்கும் வீடு எத்தனை? சேமலாப நிதி மூலம் நாம் ஒவ்வொருவரும் மாதா மாதம் முதலீடு செய்துகொண்டிருக்கிறோம். என்ன, எங்கே போடுவது என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்த நிதியில் இன்று 4 டிரில்லியன் ரூபாவுக்கு மேல் இருக்கிறது. நாட்டிலேயே மிகப் பெரிய ஓய்வுகால நிதி இதுதான். பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. உறுப்பினர் விவகாரங்களைப் பார்ப்பது தொழில் திணைக்களம். காசில் 90 சதவீதத்துக்கு மேல் அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலும் உண்டியல்களிலும் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருப்பது சிறு பகுதி. அப்படியானால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். 2022ஐயும் 2023ஐயும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது.

2022ஆம் ஆண்டுக்கு நம் கணக்குகளுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. புத்தகத்தில் 100 ரூபா 109 ரூபா ஆனது. கடையில் 100 ரூபாச் சாமான் 170 ரூபா ஆனது. எண் ஏறியது, காசு தேய்ந்தது. பங்குச் சந்தையில் விழுந்தவருக்காவது தான் விழுந்தது தெரிந்தது. நமக்கு விழுந்ததுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் துண்டில் தொகை கூடித்தான் இருந்தது.

2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. நிதி வைத்திருந்த பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதிய முறிகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. அவற்றுக்கு ஆரம்பத்தில் 12 சதவீத வட்டி, பிறகு 9 சதவீதம். மாற்றத்துக்கு இணங்காத ஓய்வுகால நிதிகளுக்கு வருமான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தலையில் கம்பைப் பிடித்துக்கொண்டு விருப்பமா என்று கேட்பது இதுதான். வங்கிகள் வைத்திருந்த முறிகள் இந்த மாற்றத்திலிருந்து விடுபட்டன. உழைப்பாளியின் ஓய்வுகாலக் காசு விடுபடவில்லை. வங்கி விழுந்தால் நாடு விழும் என்று காரணம் சொன்னார்கள். தொழிலாளி விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

ஆபத்தே இல்லாத முதலீடு என்று எதுவும் கிடையாது. பங்கில் விலை ஆபத்து. அரச முறியில், அரசாங்கம் தன் கடனை நம் தலையில் இறக்கும் ஆபத்து. வங்கி வைப்பில், விலைவாசி வட்டியைத் தின்னும் ஆபத்து. எல்லா முட்டையையும் அரசாங்கம் என்ற ஒரே கூடையில் வைத்ததால்தான் 2023 இல் நம்மால் ஒன்றும் செய்ய முடியாமல் போனது. இதுவும் ஒரே மலைதான்.

அப்படியானால் நிதியைப் பங்குச் சந்தையில் கூடுதலாகப் போடச் சொல்கிறோமா? கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் சொல்லமாட்டோம். இந்த நாட்டில் சேமலாப நிதி சந்தையில் பங்கு வாங்கிய விதம் பற்றி 2010க்குப் பிந்திய வருடங்களில் பெரிய கேள்விகள் எழுந்தன. பங்கில் மட்டுமா? 2015, 2016 ஆண்டுகளின் திறைசேரி முறி விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவும், சேமலாப நிதி முறிகளை வாங்கிய விதத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. பாதுகாப்பானது என்று சொல்லப்படும் முறியிலும், கணக்குக் கேட்க ஆள் இல்லாவிட்டால் ஓட்டை விழும்.

நிதியின் ஒரு சிறு பகுதி நல்ல கம்பனிகளில் நீண்ட காலத்துக்கு இருப்பது தவறல்ல என்பதே எங்கள் கருத்து. இருபது வயதில் செக்ரோலில் பேர் பதிந்த பிள்ளைக்கு 30 வருடம் காத்திருக்க நேரம் இருக்கிறது. தனியாக நம்மில் யாருக்கும் இல்லாத காத்திருக்கும் பலம், இலட்சக்கணக்கான பேர் சேர்ந்த நிதிக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை வேண்டும். எவ்வளவு வரை போடலாம் என்ற எல்லை எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பங்கை என்ன விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள் என்பது குறித்த காலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளர்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் உட்கார வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் பங்கும் வேண்டாம், புதிய முறி மாற்றமும் வேண்டாம்.

தொழிற்சங்கக்காரருக்குப் பங்குச் சந்தை என்ன தெரியும் என்று கேட்பார்கள். நிபுணர்களை வேலைக்கு அமர்த்தலாம். ஆனால் காசின் சொந்தக்காரர் மேசையில் இல்லாவிட்டால் நிபுணர் யாருக்காக வேலை செய்கிறார் என்பது தெரியாது. பல தசாப்தங்களாக, அரசாங்கத்துக்குக் கடன் திரட்டிக் கொடுத்ததும் நம் காசால் அந்தக் கடனை வாங்கியதும் மத்திய வங்கி என்ற ஒரே கூரையின் கீழ்தான் நடந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால் விலை யாருக்குச் சாதகமாக இருக்கும் என்பதை நம் பிள்ளைகளும் சொல்லும்.

நாளைக்கே செய்யக்கூடியவை

மேசையில் இடம் கேட்டுப் போராடுவது சங்கத்தின் வேலை. அதுவரை ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை சில உண்டு.

சந்தை ஆபத்துக்கு முன்னால் நமக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. பிடித்த காசு நிதிக்குப் போய்ச் சேராத ஆபத்து. சம்பளத் துண்டில் 8 சதவீதம் பிடித்ததாக இருக்கும், கணக்கில் வந்திருக்காது. அரசாங்கத்துக்குச் சொந்தமான தோட்டங்களிலேயே வருடக் கணக்கில் நிலுவை விழுந்த கதை நமக்குத் தெரியும். போகாத காசுக்கு வட்டியும் இல்லை, பங்கும் இல்லை. ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் முடிவதற்குள் நிர்வாகம் கட்ட வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் உண்டு. ஆகவே சம்பளத் துண்டுகளை எறியாமல் ஒரு கோப்பில் வையுங்கள். நிதியிலிருந்து வரும் கணக்குக் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் தோட்டத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் இப்போதே திருத்துங்கள். ஓய்வு பெறும் நாளில் இதைத் தொடங்கினால் மாதக் கணக்கில் அலைய வேண்டி வரும். பின்னுரித்தாளியின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டு, இன்று மனைவி பிள்ளைகளோடு இருப்பவர்கள் பலர்.

வீட்டுப் பெட்டிகளையும் ஒரு தடவை கிண்டிப் பாருங்கள். 1992 இல் அரசாங்கத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, 1995 முதல் அந்தக் கம்பனிகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, பங்குகளில் 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பங்குச் சந்தை நமக்குப் புதிது என்பவர்களுக்கு இது பதில். அப்பா, அம்மாவின் பெயரில் பங்குப் பத்திரம் இருக்கலாம். இருந்தால் எறியாதீர்கள், தெருவில் வருகிற ஆளிடம் விற்காதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை எப்படிப் பெயர் மாற்றுவது, பங்கிலாபம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று சேர்ந்து விசாரிப்போம்.

கடைசியாக ஓய்வு பெறுபவர்களுக்கு. 50 வயதில் பெண்களுக்கும் 55 வயதில் ஆண்களுக்கும் முழுப் பணமும் கைக்கு வரும். நம் வாழ்க்கையில் ஒரே தடவை வரும் தொகை அது. அந்த வாரத்தில் ஆட்டோ விற்பவரும், வீடு கட்டித் தருபவரும், பங்குத் தரகரும், கடன் கேட்கும் சொந்தக்காரரும் வாசலுக்கு வருவார்கள். முதல் மூன்று மாதம் எந்த முடிவும் எடுக்காமல் வங்கியில் வையுங்கள். பிறகு வருட வருமானத்துக்கு ஒரு பகுதி, வைத்தியத்துக்கு ஒரு பகுதி, வீட்டுக்கு ஒரு பகுதி என்று பிரியுங்கள். இனிச் சம்பளம் வராத ஒருவருக்குச் சந்தை விழுந்தால் எழும் வரை காத்திருக்க நேரம் இல்லை. அந்த வயதில் பங்கு வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். எல்லோரும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைக் கையில் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யாருக்கு எவ்வளவு விடுபட்டிருக்கிறது, யாருடைய பெயர் பிழையாக இருக்கிறது என்ற பட்டியல் தோட்டம் தோட்டமாகச் சங்கத்துக்கு வரட்டும். நிதியின் மேசையில் நமக்கு ஒரு கதிரை கேட்டுப் போகும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.